புதன்கிழமை, பன்னிரண்டரை மணி

செய்தி வந்து சேர்ந்தபோது நான் சாந்தினி மீது மூன்று நாள் கோபத்தில் இருந்தேன்.

புதன்கிழமைதோறும் பகல் பன்னிரண்டரைக்கு அவர் என்னைத் தொலைபேசியில் அழைப்பார். நான்கு ஆண்டுகளில் அவர் தாமதித்தது இரண்டே முறை. இரண்டு முறையும் மன்னிப்புக் கேட்டார். அந்தப் புதன்கிழமை கஞ்சியை இறக்கி, கரண்டியை வலப்பக்கம் வைத்து, கைத்துணியை மடித்து, தொலைபேசியை உப்புக் குப்பியின் மேல் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி ஆயிற்று. கஞ்சியின் மேல் ஏடு படர்ந்தது. நானாக அழைக்கவில்லை. அழைப்பதாகச் சொன்னவர் அழைக்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டியவர் அவர்தான். தேடிப்போய்க் கேட்பது கௌரவமல்ல என்று வளர்க்கப்பட்டவள் நான். கஞ்சியைக் கொட்டிவிட்டு அன்று பகல் பட்டினி கிடந்தேன். வியாழனும் வெள்ளியும், அடுத்த அழைப்பில் அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் வாக்கியங்களை அடுக்கினேன். நல்ல வாக்கியங்கள். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

சனிக்கிழமை காலை கிளினிக்கிலிருந்து நர்ஸ் பரமேஸ் அழைத்தார்.

"ஆன்டி, உங்களுக்கு யாராச்சும் சொன்னாங்களா? சாந்தினி மிஸ் தவறிட்டாங்க ஆன்டி. செவ்வாய்க்கிழமை சாயந்தரம் வீட்டுல மயங்கி விழுந்துட்டாங்க. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருச்சாம். வியாழக்கிழமையே எடுத்துட்டாங்க."

அவருக்கு நாற்பத்தாறு வயது. கிள்ளானில் இருந்த வீட்டிலிருந்து அவரை எடுத்துக்கொண்டு போன நேரத்தில், பிரிக்பீல்ட்ஸில் என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான் அவரைக் கண்டிக்க வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன்.

நம் நோயாளர் சங்கத்தின் இந்த மலரைப் படிக்கும் பலருக்குச் சாந்தினியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. உங்கள் தொண்டையை உங்களைவிட நன்றாக அறிந்தவர் அவர். அறியாத உறவினர்களுக்காகச் சொல்கிறேன். தலையிலும் கழுத்திலும் புற்றுநோய் வந்தவர்களுக்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது கட்டியோடு சேர்ந்து தொண்டையும் வெந்துபோகிறது. எச்சில் வற்றுகிறது. தசைகள் இறுகுகின்றன. ஒரு வாய்த் தண்ணீர் உணவுக்குழாய்க்குப் போகாமல் நுரையீரலுக்கு வழி தவறிப் போகிறது. பிறந்த அன்றிலிருந்து கேட்காமலே வந்த விழுங்குதல் என்னும் செயலை ஒவ்வொரு வாயாக மறுபடி கற்க வேண்டியிருக்கிறது. அதைக் கற்பிப்பதுதான் சாந்தினியின் வேலை.

எனக்கு நோய் நாக்கின் அடிப்பகுதியில் வந்தது. நான் வெற்றிலை போட்டவளல்ல, புகைத்தவளுமல்ல. விசாரிக்க வந்தவர்களின் கண்ணில் அந்தக் கேள்வி இருந்தது; நான் பதில் சொல்லவில்லை. சிகிச்சை தொடங்குவதற்கு முந்தைய வாரம் சாந்தினியின் அறைக்கு அனுப்பினார்கள். மேசையில் ஒரு கூஜா தண்ணீர், இரண்டு குவளைகள், இரண்டு சிறு கரண்டிகள். ஏன் எல்லாம் இரண்டிரண்டு என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

"வாங்க ஆன்டி, உக்காருங்க."

"நான் உங்கள் ஆன்டி இல்லை. மிஸிஸ் தம்பிராஜா என்று கூப்பிடலாம்."

"சரி மிஸிஸ் தம்பிராஜா. நான் முதல்ல குடிக்கிறேன், அப்புறம் நீங்க." குடித்தார். குடித்து முடித்ததும் வாயைத் திறந்து என் முகத்துக்கு நேராக "ஆ" என்றார். "இப்ப நீங்க. குடிச்சிட்டு, இதே மாதிரி."

நான் மாட்டேன் என்றேன். கான்வென்டில் கன்னியாஸ்திரிகள் எங்களுக்குச் சாப்பிடக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். உதடு மூடியிருக்க வேண்டும். சத்தம் வரக்கூடாது. முழங்கை மேசையில் படக்கூடாது. விழுங்கிய பிறகும் ஒரு கணம் பொறுத்துத்தான் பேச வேண்டும். அறுபது ஆண்டுகளாக நான் அதில் தவறியதில்லை. ஒருவர் முன் வாயைத் திறந்து சத்தம் போடும் பழக்கம் எனக்கு இல்லை என்று சொன்னேன்.

"இது சத்தம் இல்ல, ரிப்போர்ட்," என்றார் சாந்தினி. "தண்ணி எந்த வழியில போச்சுன்னு உங்க தொண்டை எனக்குச் சொல்லணும். வழி தப்பிப் போச்சுன்னா குரல் ஈரமா வரும், களகளன்னு. உங்க வாய நான் பாக்கல. நான் காதுதான் கொடுக்கிறேன். வேணும்னா கண்ண மூடிக்கிறேன்லா."

உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டார். நான் குடித்தேன். "ஆ" என்றேன். கண்ணைத் திறக்காமலே, "சுத்தமா இருக்கு. இதத்தான் காப்பாத்தணும்," என்றார்.

தொண்டை வலித்தாலும், மூக்கில் குழாய் போட்டாலும், தினமும் ஐந்து வேளை விழுங்கும் பயிற்சியை விடக்கூடாது என்பது அவர் விதி. "தொண்டைக்கு லீவு கொடுக்காதீங்க. லீவுல போனா வேலைக்குத் திரும்பி வராது" என்று எல்லாரிடமும் சொல்வார். பயிற்சிகளைக் குறிக்க ஒரு தாள் கொடுத்தார். நாக்கைப் பல்லால் பிடித்துக்கொண்டு விழுங்குவது, முழுப்பலத்தோடு விழுங்குவது, வாயை அகலத் திறந்து பிடிப்பது என்று வரிசையாகக் கட்டங்கள். செய்தால் ஒரு சரிக்குறி.

நான்காவது வாரத்தில் என் வாய் முழுவதும் புண். எச்சில் பசைபோல் திரண்டது. எனக்கும் மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிட்டார்கள். அதன் வழியே பால்போன்ற உணவு இறங்கியது. விழுங்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. முகத்தை முகமூடியால் மேசையோடு பூட்டிக் கதிர்வீச்சு கொடுத்து அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்து படுப்பேன். பயிற்சி செய்யவில்லை. ஆனால் தாளைக் காலியாகக் கொடுக்கவும் என்னால் முடியவில்லை. முப்பத்தோரு ஆண்டுகள் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தலைமைச் செயலாளராக இருந்தவள் நான். வருகைப் பதிவேட்டில் பொய் நேரம் எழுதிய எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன். அப்படிப்பட்டவள், கிளினிக்குக்குப் போகும் நாள் காலையில், நீல மையில் எல்லாக் கட்டங்களிலும் சரிக்குறி போட்டேன்.

சாந்தினி தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மிஸிஸ் தம்பிராஜா, இந்த கிளினிக்லயே உங்க ஷீட்தான் அழகு. மத்தவங்க ஷீட்ல கஞ்சி கொட்டியிருக்கும், எச்சில் பட்டிருக்கும், மூணு கலர் பேனா இருக்கும். உங்களுது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு." பிறகு விரலை ஒரு கட்டத்தில் வைத்தார். "போன செவ்வாய்க்கிழமை நீங்க வாந்தி எடுத்து வார்டுல டிரிப்போட கிடந்தீங்க. அன்னிக்கும் அஞ்சு வேளை டிக்."

அவமானத்தில் எழுந்துபோகக் கைப்பையை எடுத்தேன். அவர் கண்டிக்கவில்லை, நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் கண்டித்திருப்பேன். தாளைத் திருப்பி, வெறுமையான பின்பக்கத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"டிக்கெல்லாம் எனக்கு வேணாம் ஆன்டி. இனிமே செய்யாதத மட்டும் எழுதுங்க. பக்கத்துல ஏன்னு ஒரு வார்த்தை. பொய்யா டிக் போடலாம். செய்யலன்னு பொய் சொல்ல யாரும் மெனக்கெட மாட்டாங்க."

அவர் ஆன்டி என்று அழைத்ததை அன்று நான் திருத்தவில்லை.

அடுத்த வாரத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். திங்கள் காலை, செய்யவில்லை, வலி. திங்கள் மாலை, செய்யவில்லை, தூக்கம். செவ்வாய், செய்யவில்லை, வெட்கம். புதன் பகல், செய்யவில்லை, யார் கேட்கப் போகிறார்கள். சாந்தினி வலிக்கு மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றினார். வெட்கத்தைக் கண்டு சிரித்தார். நான்காவது வரியை மட்டும் இரண்டு முறை படித்தார்.

"வீட்டுல யாரு இருக்காங்க ஆன்டி?"

என் கணவர் காலமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. சொன்னேன்.

"புதன்கிழமை பன்னிரண்டரைக்குத்தான் எனக்கு லஞ்ச். நீங்க அங்க சாப்பிடுங்க, நான் இங்க சாப்பிடறேன். போன ஸ்பீக்கர்ல போட்டு வைங்க. ஒவ்வொரு வாய்க்கும் ஆ சொல்லணும், சரியா? நானும் உங்க மாதிரிக் கஞ்சிதான்."

அப்படித் தொடங்கியது. முதல் நாட்களில் மாவு கலந்து கெட்டியாக்கிய தண்ணீர், நாலு கரண்டி. பிறகு குழாயை எடுத்தார்கள்; நீர்க்கஞ்சி, கூழ், குழைந்த சோறு என்று ஏறினேன். எல்லாம் அட்டையை மெல்வதுபோல் இருந்தது. "ருசி அப்புறம் வரும் ஆன்டி. வழி முதல்ல" என்பார். நான் "ஆ" என்பேன். "சுத்தம்," என்பார். சில நாள், "ஈரம் கேக்குது, இருமிட்டு இன்னொரு தடவை," என்பார். மழை, ரயில், விலைவாசி எதைப் பேசினாலும் இடையில் அந்தக் காது மட்டும் வேலையை விடாது.

ஒரு நாள் அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ நொறுங்கும் சத்தம் கேட்டது.

"சாந்தினி, அது என்ன?"

நொறுங்கும் சத்தம் நின்றது. "பப்படம் ஆன்டி."

"கஞ்சி என்று சொன்னீர்கள்."

"கஞ்சியும் இருக்கு ஆன்டி. கஞ்சிக்குத்தான் பப்படம்."

"வாயை மூடிக்கொண்டு மெல்லுங்கள்," என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் அவருக்கே புரையேறியது. "ஆ சொல்லுங்கள்," என்றேன். சொன்னார். சுத்தமாகத்தான் இருந்தது.

சிகிச்சை முடிந்து சில மாதங்களுக்குப் பின், வெள்ளைக் கரைசலைக் குடிக்கவைத்து எக்ஸ்ரேயில் ஓடும் படமாகப் பார்த்தார்கள். திரையில் என் தொண்டையை நான் பார்த்தேன். இடப்பக்கம் அசையாமல் நின்றது. கரைசல் அங்கே தேங்கிப் பிறகு தவறான வழியில் எட்டிப்பார்த்தது. "லெஃப்ட் சைட் தூங்குது ஆன்டி. தலைய நல்லா லெஃப்ட்ல திருப்பிட்டு முழுங்குங்க. அந்தக் கதவு மூடிக்கும், சாப்பாடு ரைட்ல போயிரும்." திருப்பினேன். போயிற்று. மருத்துவரே பாராட்டினார். ஆயுள் முழுவதும் ஒவ்வொரு வாய்க்கும் தலையை இடப்பக்கம் திருப்பி, இரண்டு முறை விழுங்கி, "ஆ" சொல்ல வேண்டும் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். இனி எவர் முன்னாலும் சாப்பிடுவதில்லை என்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் முடிவெடுத்தேன்.

அதைக் கடைப்பிடிக்கவும் செய்தேன். என் கணவரின் தங்கை மகள் திருமணத்தில் பட்டுப்புடவை கட்டி முன்வரிசையில் அமர்ந்திருந்துவிட்டுப் பந்திக்கு முன் கிளம்பிவிட்டேன். புதன்கிழமை அதைச் சாந்தினியிடம் சற்றுப் பெருமையாகவே சொன்னேன். அவர் என்னிடம் கோபப்பட்டது அந்த ஒரு முறைதான்.

"யாரு முன்னால சாப்பிடணும்னு நான் இவ்ளோ பாடுபட்டேன் ஆன்டி? சுவத்து முன்னாலயா? முழுங்கறது தொண்டை வேலை. சாப்பிடறது அப்படி இல்ல. அதுக்கு ஆள் வேணும்." கொஞ்சம் தணிந்த பிறகு, "கிள்ளானுக்கு எங்க வீட்டுக்கு வாங்க. எங்கம்மா ரசஞ்சோறு பிசைஞ்சா பாட்டில்ல ஊத்தலாம், அவ்ளோ குழைவா இருக்கும். ஒரு தடவை வாங்க," என்றார்.

"பார்க்கலாம்," என்றேன்.

அதன் பிறகு பலமுறை அழைத்தார். ஒவ்வொரு முறையும் பார்க்கலாம் என்றேன். மரியாதையாக முடியாது என்று சொல்ல எனக்குத் தெரிந்த சொல் அது.

பதினாறாம் நாள் கருமக்கிரியை ஒரு புதன்கிழமையில் விழுந்தது. சென்ட்ரல் நிலையத்தில் கம்யூட்டர் என்னும் புறநகர் ரயில் ஏறித் தனியாகக் கிள்ளானுக்குப் போனேன். படத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவதாகத்தான் எண்ணம். வீட்டின் முன்னால் கூடாரம் போட்டு நீள மேசைகள் வைத்திருந்தார்கள். படத்தின் அருகில் சாந்தினியின் அம்மா நின்றிருந்தார். என் பெயரைச் சொன்னேன், அவருக்குத் தெரியவில்லை. மகளிடம் தொண்டைக்குச் சிகிச்சை பெற்றவள் என்றேன். என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீங்க புதன்கிழமை ஆன்டியா?"

ஆம் என்றேன்.

"பேஷண்ட் பேர வீட்டுல சொல்லக்கூடாதும்மா. கிழமை பேர்லதான் பேசுவா. திங்கக்கிழமை அண்ணே, புதன்கிழமை ஆன்டி, வெள்ளிக்கிழமை டீச்சர். 'இன்னிக்கு புதன்கிழமை ஆன்டி என்னைத் திட்டினாங்கம்மா'ன்னு சிரிச்சிக்கிட்டே வருவா."

நான் தலையசைத்தேன். நான்கு ஆண்டுகளாக அந்த அழைப்பு எனக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். அவருடைய மதிய வேளைகளில் ஒன்று எனக்கு, மற்றவை வேறு யார் யாருக்கோ. எழுபத்தாறு வயதில், இறந்தவரின் படத்துக்கு முன் நின்றுகொண்டு, எனக்குப் பொறாமை வந்தது. அதை இங்கே மறைக்கப் போவதில்லை.

"நேரம் பன்னிரண்டரை ஆச்சு," என்றார் அம்மா. "சாப்பிடாம போகாதீங்க. உங்களுக்குக் குழைவா பிசைஞ்சு தரேன். எப்படிப் பிசையணும்னு அவதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தா."

அவர் கையைத் தட்டிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. மேசையின் வலக்கோடியில், கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு இடப்பக்கம் கழுத்தில் துண்டு சுற்றிய ஒரு முதியவர். அம்மா என் இலையில் கொஞ்சம் ரசஞ்சோறு வைத்தார். சாந்தினி போனபின் நான் வேறு யார் முன்னாலும் ஒரு வாய் உண்டதில்லை. அவர் இருந்தபோதும் உண்டதில்லை. கரண்டியில் எடுத்து வாயில் வைத்தேன். வேறு வழியில்லை. தலையை இடப்பக்கம் திருப்பினேன்.

அதே கணத்தில் அந்த முதியவர் தலையை வலப்பக்கம் திருப்பினார்.

ஒரு சாண் தூரத்தில் இருவரும் முகத்துக்கு முகம் பார்த்தபடி வாய் நிறையச் சோற்றோடு இருந்தோம். அவர் விழுங்கினார். நான் விழுங்கினேன். இருவரும் இரண்டாம் முறையும் விழுங்கினோம். பிறகு அவர், சரளைக்கல்லில் வண்டி ஏறுவது போன்ற குரலில், "ஆ" என்றார்.

நானும் "ஆ" என்றேன்.

"எந்த நாளு?" என்று கேட்டார்.

"புதன்."

"நான் திங்கக்கிழமை. காப்பார்ல இருந்து வரேன். லோரி ஓட்டிக்கிட்டு இருந்தேன்." இன்னொரு வாய் எடுத்தார். "உங்களுக்கும் பப்படம் சத்தம் கேட்டுச்சாக்கா?"

"கேட்டது. கண்டித்தேன்."

"நான் சொல்லவே இல்ல. நமக்காகக் கஞ்சி குடிக்குதே, பப்படமாச்சும் தின்னுட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன்." துண்டால் வாயைத் துடைத்தார். வாயைத்தான் துடைக்கிறார் என்று நினைத்தேன்; துண்டு கண்ணுக்கும் போயிற்று.

அப்படியே, ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்து, இலை காலியாகும்வரை சாப்பிட்டோம். எதிரில் இருந்தவர்கள் பார்த்திருப்பார்கள். நான் அவர்கள் பக்கம் பார்க்கவில்லை. என் தலைதான் இடப்பக்கம் இருந்ததே. ரசத்தில் மிளகு தெரிந்தது. நான்கு ஆண்டுகளில் முதல்முறையாக மிளகு தெரிந்தது.

கைகழுவி வந்ததும் அவர் தன் பழைய தொலைபேசியை எடுத்தார். "நம்பர் கொடுங்கக்கா. எனக்கும் திங்கக்கிழமை காலி, உங்களுக்கும் புதன் காலி. சாந்தினி மாதிரி காது எனக்குக் கிடையாது. ஆனா குரல் ஈரமா இருக்கா, காஞ்சிருக்கான்னு கேட்டுச் சொல்லத் தெரியும்."

"அறிமுகமில்லாத ஆண்களுக்கு நான் எண் கொடுப்பதில்லை," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "சரிக்கா," என்று தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "நல்லா சாப்பிடுங்க."

ரயிலில் திரும்பும்போது, அவருக்கு நான் சொன்ன வாக்கியத்தை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அதுவும் நல்ல வாக்கியம். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அதன் பின் மூன்று புதன்கிழமைகள் போயின. கஞ்சியை இறக்குகிறேன். கரண்டியை வலப்பக்கம் வைக்கிறேன். தொலைபேசி உப்புக் குப்பியின் மேல் சாய்ந்திருக்கிறது. இடப்பக்கம் திரும்பினால் சுவர். நாட்காட்டி மாட்டிய ஆணி. கணவர் உட்கார்ந்த நாற்காலியின் முதுகு. இரண்டு முறை விழுங்கி "ஆ" என்கிறேன். சில நாட்களில் இந்த வீட்டில் பேசப்படும் சொல் அது ஒன்றுதான். ஈரமா, சுத்தமா என்று எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன். தன் குரலைத் தானே கேட்டுத் தீர்ப்புச் சொல்வது எளிதல்ல.

சாந்தினியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஓர் எழுத்தும், அந்தத் தாளின் பின்பக்கமும். பயிற்சிகளை இப்போது ஒரு வேளையும் விடுவதில்லை. ஆகவே வெகுநாளாக அதில் எழுத எதுவும் இருக்கவில்லை. இன்று எழுதினேன். புதன், கிள்ளான், எண் கொடுக்கவில்லை. பக்கத்தில் ஏன் என்பதற்கு ஒரு வார்த்தை: கர்வம்.

காப்பாரிலிருந்து வந்த திங்கட்கிழமைக்காரர் இந்த மலரைப் படிப்பார் என்று நம்புகிறேன். படிக்காவிட்டால் அவரை அறிந்தவர்கள் படித்துக் காட்டுங்கள். என் எண் நர்ஸ் பரமேஸிடம் இருக்கிறது. கேட்டால் கொடுக்கும்படி சொல்லியிருக்கிறேன். புதன்கிழமை, பன்னிரண்டரை மணி. தாமதம் எனக்குப் பிடிக்காது.